பெண்களின் கைக்கடிகாரம் வெறும் நகைதானா?

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்யப்பட்ட, வைரம் பதித்த பெண்கள் கைக்கடிகாரம் ஒன்றை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒரு பழம்பொருள் வியாபாரியின் மேசைமேல் வைத்தால், பெரும்பாலும் அவர் கை முதலில் தராசைத்தான் தேடும். கூட்டைக் கழற்றித் தங்கத்தை எடைபோடுவார், கற்களைப் பெயர்த்தெடுப்பார், உள்ளிருந்த எந்திரத்தை ஒரு கண்ணாடிக் குப்பியில் போடுவார். அத்தகைய எந்திரங்கள் பிற்பாடு சட்டைப் பொத்தான்களாகவும் பதக்கங்களாகவும் ஒட்டப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. 2025இல் ஓர் அவுன்ஸ் தங்கம் 4000 டாலரைத் தாண்டிய பிறகு இந்த உருக்குலை உச்சத்தை நோக்கிப் போவதில் வியப்பில்லை. நாம் எதிர்ப்பது இதற்குச் சொல்லப்படும் நியாயத்தை: ‘அவை நேரம் காட்டும் நகைகள், கடிகாரக் கலை என்பது ஆண்களின் கடிகாரங்களில்தான் இருக்கிறது.’

வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. மணிக்கட்டில் அணியும்படி ஒரு கடிகாரத்தை 1810இல் பிரெகேயிடம் செய்யச் சொன்னவர் நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூரா. பதெக் ஃபிலிப் நிறுவனம் 1868இல் உருவாக்கிய கைக்கடிகாரம் ஹங்கேரியச் சீமாட்டி ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் சட்டைப்பை கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பது இயலாத காரியம் ஆகும்வரை, கைக்கடிகாரத்தைப் பெண்களின் அணியென்று ஆண்கள் எள்ளிக்கொண்டிருந்தனர். எள்ளியவர்களே பின்னர் அதைத் தமதாக்கிக்கொண்டு, முன்னோடிகளை நகைப்பெட்டிக்குள் தள்ளிவிட்டார்கள்.

சிறிதாக இருப்பதால் எளிதாகச் செய்யப்பட்டது என்று நினைப்பது அடுத்த பிழை. 1929இல் ஜெகர்-லெகூல்த்ரே வெளியிட்ட காலிபர் 101 எந்திரத்தின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். 1953இல் முடிசூட்டு விழாவன்று இரண்டாம் எலிசபெத் அணிந்திருந்த கடிகாரத்தில் இருந்தது அந்த எந்திரம்தான். மயிரிழை போன்ற அச்சுமுனைகளை அந்த அளவில் கடைந்து பொருத்துவதை அலங்கார வேலை என்று எப்படிச் சொல்வது?

‘17 ஜுவல்ஸ்’ என்ற சொற்களைக் கண்டதும் வெளியே பதித்த கற்களை எண்ணத் தொடங்குகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கற்கள் உள்ளே இருக்கின்றன. அச்சுமுனைகள் உராய்ந்து தேயாதிருக்க வைக்கப்படும் சிவப்புக் கற்கள் அவை. 1902இல் வெர்னய் செயற்கைக் கெம்பு செய்யும் முறையை அறிவித்த பிறகு அவற்றுக்குக் கல்லென்ற வகையில் பெரிய விலை கிடையாது. மதிப்பு அவை செய்யும் வேலையில் இருக்கிறது. சாவி கொடுத்து ஓட்டும் கடிகாரத்திற்குப் பதினேழே நிறைவானது. அதற்கு மேற்பட்ட கற்கள் கொண்ட எந்திரங்களுக்கு அமெரிக்கா 1930ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடும் இறக்குமதி வரி விதித்ததும் அந்த எண் பரவலாக ஒரு காரணம்.

ஆகவே அடையாளம் காணுதல் என்பது பின்மூடியைத் திறப்பதிலிருந்து தொடங்குகிறது. எந்திரத்தில் செய்தவர் பெயரும் காலிபர் எண்ணும் இருக்கும். அமெரிக்காவுக்கு இறக்குமதியானதாயின், ஊசலாடும் பாலன்ஸ் சக்கரத்தின் மேற்பாலத்தில் மூன்றெழுத்துக் குறியொன்று பொறிக்கப்பட்டிருக்கலாம். ஒமேகாவுக்கு அது ஓ-எக்ஸ்-ஜி. சுவிட்சர்லாந்தின் 18 காரட் பழங்கூடுகளில் ஹெல்வெட்டியா பெண்தலை முத்திரை இருக்கும். ‘கோல்ட் ஃபில்டு’ என்றிருந்தால் அது தங்கத் தகடு போர்த்திய கூடு மட்டுமே. அக்காலச் சிறு வைரங்கள் பெரும்பாலும் 17 அல்லது 18 பட்டைகள் மட்டும் தீட்டப்பட்டவை. 57 பட்டை மினுங்கும் கற்கள் அவற்றிடையே இருந்தால், பிற்பாடு மாற்றப்பட்டனவோ என்று ஐயுற வேண்டும். குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்ததே 1969இன் இறுதியில்தான். 1930களின் கூட்டுக்குள் மின்கலம் இருந்தால் அதன் உயிர் ஏற்கெனவே பிடுங்கப்பட்டுவிட்டது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்க மாட்டோம். இத்தனை சிறிய எந்திரத்தைப் பழுதுபார்க்கும் கைகள் அருகிவிட்டன. பழுதுபார்க்கும் கூலி பல வேளைகளில் கடிகாரத்தின் விலையை மிஞ்சிவிடுகிறது. சரி, பழுதுபார்க்க வேண்டாம். ஓடாமலே இருக்கட்டும். எண்ணெய் உறைந்து நின்றுபோன கடிகாரத்தை ஐம்பதாண்டு கழித்தும் ஒருவர் துடைத்து ஓட வைக்க முடியும். கூட்டை இழந்த எந்திரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சேகரிப்பாளர்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். ஆண்களின் கடிகாரத்தில் ஒரு முள் மாறியிருந்தால் வழக்காடுகிறவர்கள், பெண்களின் கடிகாரம் முழுதாக உருகுவதைக் கண்டும் வாளாவிருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. எடைபோடுமுன் மூடியைத் திறவுங்கள். பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு ஒரு படமாவது எடுங்கள். அதன் பிறகும் உருக்கத்தான் வேண்டுமென்றால், எதை உருக்குகிறோம் என்று தெரிந்தேனும் உருக்குங்கள்.