வர்ணத்திற்கு முன்னால்

"வீட்டில் செய்ததோ?" என்ற கேள்வி இருவகைப்படும். முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டால் அது புகழ்ச்சி. ரேடியோப் பெட்டியைப் பார்த்துக் கேட்டால் பெரும்பாலும் இகழ்ச்சி. நம் வாலிபர்கள் பலர் ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகட்டை அறுத்து ஒட்டித் தங்கள் மின்கருவிகளுக்குத் தாமே பெட்டி செய்துகொள்கிறார்கள். உள்ளே கருவி செம்மையாகவே இயங்குகிறது. ஆயினும் பெட்டியின் மேனி கரடுமுரடாயிருப்பதால், பார்ப்பவர் உடனே கடைச் சரக்கின் பெருமையைப் பேசத் தொடங்கிவிடுகிறார்.

இக்குறைக்கு மருந்து விலையுயர்ந்த வர்ணம் அன்று. வர்ணம் குறையை மறைக்கும் என்பது வெறும் பிரமை. பளபளப்பு ஏற ஏற, அடியிலுள்ள கீறல்களை அது எடுத்துக்காட்டவே செய்யும். செட்டிநாட்டு வீடுகளின் பழைய சுவர்கள் இன்றும் மின்னுவது, சுண்ணாம்புச் சாந்தைப் பல பூச்சுகளாகப் பூசித் தேய்த்து மெருகேற்றியதன் பலன். பிளாஸ்டிக்குக்கும் அதே நியாயந்தான்.

முதலில் மூட்டுகளிலும் பள்ளங்களிலும் பட்டி வைத்து, அது நன்கு இறுகிய பின் 220-ஆம் எண் உப்புத்தாளால் சமன் செய்க. அடுத்து, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் 400-ஆம் எண் தாள். எண் கூடக் கூடத் தாளின் மணல் பொடியாகும். பிறகு சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். அதன்மேல் விரல் படலாகாது. எண்ணெய்ப் பசை வர்ணத்துக்குச் சத்துரு. அசிட்டோனால் துடைக்கவே கூடாது. ஏபிஎஸ்ஸை அது கரைத்துவிடும்.

இனி பிரைமரை மெல்லியதாக இருமுறை பூசுக. உலர்ந்ததும் ஒரு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மறைந்திருந்த பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். அங்கே மறுபடியும் பட்டி, மறுபடியும் தாள், மறுபடியும் பிரைமர். குறை தீர்ந்தபின் 600-ஆம் எண் தாளால் இலேசாகத் தேய்த்துத் தூசு துடைத்தால் பெட்டி வர்ணத்துக்குத் தயார்.

பீய்ச்சும் டப்பாவை ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தூரத்தில் பிடித்து, பெட்டியின் விளிம்புக்கு வெளியே தொடங்கி, மறு விளிம்புக்கு வெளியே நிறுத்துக. கனமான ஒரே பூச்சு வழிந்தோடும். மெல்லிய பூச்சாக மூன்று நான்கு வேண்டும். மழைநாள் உதவாது, ஈரக்காற்றில் லாக்கர் வெண்மை படர்ந்து மங்கும். காற்றோட்டமுள்ள இடமாகவும், அடுப்புக்கும் விளக்குத் திரிக்கும் எட்டாத இடமாகவும் இருத்தல் அவசியம். ஆவியைத் தடுக்கும் முகமூடியும் தேவை.

தொழிற்சாலைப் பெட்டியின் வழவழப்புக்கும் ரகசியம் வேறொன்றில்லை. அதை வார்க்கும் எஃகு அச்சுக்கு யாரோ ஒரு தொழிலாளி பொறுமையுடன் மெருகிட்டிருக்கிறான். அவன் உழைப்பு அச்சில் இருக்கிறது. நம் உழைப்பு பெட்டியிலேயே இருக்கவேண்டும். சுதேசிப் பொருளை அநுதாபத்தினால் வாங்குங்கள் என்று கெஞ்சும் நிலை நமக்கு வேண்டாம். பார்த்த கண் தானாக விரும்பும்படி அதைச் செய்து முடிப்பதே நம் கடமை.