பெட்டகத்துக்குத் தெருவாசல் எதற்கு?

கல்யாணப் புகைப்படங்கள், குழந்தையின் முதல் நடை, காலமான தந்தையின் குரல், வீட்டுப் பத்திரத்தின் நகல் – இவையெல்லாம் இன்று கம்ப்யூட்டரில்தான் குடியிருக்கின்றன. இடம் போதாமற் போனதும் பலர் 'நாஸ்' என்னும் சேமிப்புப் பெட்டியை வாங்குகிறார்கள். ஹார்டு டிஸ்குகளும், அவற்றை நிர்வகிக்கச் சிறு கம்ப்யூட்டர் ஒன்றும் அடங்கிய பெட்டி அது. வாங்கிய கையோடு அதை இண்டர்நெட் ரவுட்டரில் செருகிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒரே ஒரு கம்ப்யூட்டர் உள்ள வீட்டுக்கு இது அவசியந்தானா? பெட்டியை நேராகக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிடுவதே உத்தமம் என்பது நம் கட்சி.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. 2021 ஜூன் மாதத்தில், வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் 'மை புக் லைவ்' பெட்டியை வைத்திருந்த பலர் திறந்து பார்த்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை! இண்டர்நெட் வழியாகப் புகுந்தவர்கள், அனைத்தையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார்கள். 2015-க்குப் பிறகு அந்த மாடலுக்கு மென்பொருள் திருத்தம் எதுவும் வரவில்லை. கம்பெனி உடனடியாகச் சொன்ன யோசனை என்ன தெரியுமா? "இண்டர்நெட்டிலிருந்து கழற்றிவிடுங்கள்" என்பதுதான். 2022 ஜனவரியிலோ 'டெட்போல்ட்' என்ற கும்பல், கியூநாப் பெட்டிகளில் இருந்ததைப் பூட்டிவிட்டு, சாவிக்கு 0.03 பிட்காயின் கேட்டது.

நேராக இணைப்பது பிரமாத வித்தை அல்ல. வேண்டியது ஒரு லேன் கேபிள். பெட்டியின் யு.எஸ்.பி. துவாரத்தைக் கண்டு சிலர் ஏமாறுவதுண்டு. பெரும்பாலான பெட்டிகளில் அது வேறு டிஸ்கைப் பெட்டியோடு சேர்ப்பதற்கே உரியது. முன்பெல்லாம் இரண்டு கம்ப்யூட்டர்களை இணைக்கக் கம்பிகள் மாறிய தனிக் கேபிள் தேவைப்பட்டது. இன்றைய கிகாபிட் துவாரங்கள் அதைத் தாமே சரி செய்துகொள்கின்றன.

ஆனால் ரவுட்டர் செய்துவந்த ஒரு வேலையை நாம் ஏற்க வேண்டும்: விலாசம் கொடுப்பது. முதலில் பெட்டியை ரவுட்டரிலேயே வைத்து மென்பொருளைப் புதுப்பித்து, 192.168.50.2 என்ற நிலையான எண்ணைக் கொடுத்துவிடுங்கள். பிறகு கேபிளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அதன் லேன் துவாரத்துக்கு 192.168.50.1 என்று கொடுங்கள். இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0; கேட்வே வெறுமையாக இருக்கட்டும். வீட்டு வைஃபையின் எண் வரிசை வேறாக இருப்பது முக்கியம். அப்போது இண்டர்நெட் வைஃபையில் வரும். பெட்டி கேபிளில் வரும்.

வேகமும் கூடலாம். பழைய ரவுட்டர்கள் பலவற்றில் லேன் துவாரம் 100 மெகாபிட்தான். அதில் 100 கிகாபைட் நகல் எடுக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். நேரான கிகாபிட் கேபிளில் கால் மணி நேரம் போதும்.

"கைப்பேசியிலும் டெலிவிஷனிலும் பார்க்க முடியாதே!" என்பீர்கள். உண்மைதான். அது வேண்டியவர்கள் ரவுட்டரிலேயே வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து நுழையும் வழிகளை அடைத்துவைத்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். ஆனால் அந்த வழி திறந்திருக்கிறதா என்று எத்தனை வீடுகளில் பார்க்கிறார்கள்? பார்க்கத் தெரியாதவர்களுக்குக் கேபிளே நல்ல காவல்.

காவல் என்றால் முழுக் காவல் அல்ல. கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்தால், அதே கேபிள் வழியாகப் பெட்டிக்கும் போகும். இரண்டு டிஸ்குகளில் ஒரே சமயத்தில் பதிவாகிறதே என்று நிம்மதி கொள்வதும் தவறு. ஒரு டிஸ்க் பழுதானால் அது உதவும், கை தவறி அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். ஆகவே இன்னொரு நகலைத் தனி டிஸ்கில் எடுத்து, கேபிளைக் கழற்றி, பீரோவில் வைப்பது அவசியம். சில மாதங்களுக்கு ஒரு முறை பெட்டியை ரவுட்டரில் இணைத்து மென்பொருளைப் புதுப்பிப்பதும் நல்லது.

பெட்டகம் வாங்கப் பல ஆயிரம் ரூபாய் செலவழித்தவர்கள், அதன் பின்புறக் கேபிள் எங்கே போகிறது என்று இன்று ஒரு முறை எட்டிப் பார்க்கட்டும். வீட்டுக்குள்ளேயே நின்றால் சந்தோஷம். தெருவுக்குப் போனால், காரணம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளட்டும்.