காகிதம் எவன் கையில்?

எங்க ஊர்ப் பக்கம் ஈ.சி.ஆர். என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, மாமல்லபுரத்தை ஒட்டிப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலை. இன்னொன்று, பத்தாவது தேறாதவன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்கவேண்டும் என்பதற்கான பாஸ்போர்ட் முத்திரை. சாலையோரத்து மண் ரிசார்ட்காரனுக்கு. முத்திரை எங்கப்பாவுக்கு.

நான் பன்னிரண்டாவது தேறியவன். ரிசார்ட்டில் தட்டு கழுவி, பிறகு பரிமாறி நின்றேன். "ஜெர்மனியில மூணு வருஷம் ஹோட்டல் தொழிற்பயிற்சி, மாசாமாசம் சம்பளம், அங்க ஜாதியே இல்லப்பா" என்றார் ஏஜெண்ட். பி1 வரைக்கும் ஜெர்மன் படித்தேன். அம்மா காதில் கிடந்தது அடகுக்குப் போனது. மீதிக்கு வட்டிக்கடன்.

மூன்றாம் மாதம் ஒரு கடிதம் கொடுத்தார்கள். நாளையிலிருந்து வரவேண்டாம். காரணம் எழுதவில்லை. எழுதத் தேவையுமில்லை. அந்நாட்டுத் தொழிற்பயிற்சிச் சட்டப்படி தகுதிகாண் பருவம் ஒன்று முதல் நான்கு மாதம். அதற்குள் எந்தத் தரப்பும் காரணம் சொல்லாமல், முன்னறிவிப்பு இல்லாமல், எழுத்தில் கொடுத்து முறித்துக்கொள்ளலாம். ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். "விசா அவ்ளோதான் தம்பி. போலீஸ் வர்றதுக்குள்ள டிக்கெட் போட்டுக் கிளம்பு." நாலு நாளில் கிளம்பிவிட்டேன். போன மச்சான் திரும்பி வந்தான்னு ஊர்த்தெரு டீக்கடையில சிரிச்சானுங்க.

வந்தபிறகுதான் தெரிந்தது. அந்நாட்டுக் குடியிருப்புச் சட்டத்தின் 16ஏ பிரிவு சொல்கிறது: தன் குற்றமில்லாமல் பயிற்சியிடம் இழந்தவனின் அனுமதியைப் பறிக்குமுன், வேறு இடம் தேட ஆறு மாதம் வரை அவகாசம் கொடுக்கவேண்டும். நான் செய்திருக்க வேண்டியது, இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்வது. நான் செய்ததோ, ஒரேயடியாக விமானம் ஏறியது. அப்படி ஏறினால் அனுமதி தானாகச் செத்துப்போகும் என்பதும் அதே சட்டம்தான்.

"ஏமாந்தது நீ. இதுல தலித் பிரச்சினை எங்கய்யா வந்துச்சு?" என்று ஒரு தோழர் கேட்டார். சொல்கிறேன். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் நமக்கென்று காகிதத்தில் எழுதியாயிற்று. நிலம் எங்கே? காகிதம் கர்ணம் வீட்டில் இருந்தது. நம் பாட்டன் கைநாட்டு வைத்தான். கேட்டதற்கு என்ன கிடைத்தது? 1994 அக்டோபர் 10, காரணை நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டபோது துப்பாக்கிச்சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் பிணமானார்கள். அன்று கர்ணம், இன்று ஏஜெண்ட். உரிமை நம் பேரில், காகிதம் அவன் கையில்.

பாபாசாகேப்புக்கும் இது நடந்தது. 1917இல் பரோடா உதவித்தொகை முடிந்து லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு வந்தார். பரோடாவில் தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து துரத்தினார்கள். அதையெல்லாம் எழுதிய நூலுக்கே ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்றுதான் பேர். ஆனால் நாலு வருஷத்துக்குள் திரும்பிவந்து படிப்பைத் தொடரலாம் என்கிற அனுமதியை வாங்கிக்கொண்டுதான் அவர் கப்பலேறினார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியோடும் நண்பரிடம் வாங்கிய கடனோடும் 1920இல் திரும்பிப் போனார். அவர் காகிதம் அவர் கையில் இருந்தது.

நமக்கு? பட்டியல் சாதியினருக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும். சமையல், தச்சு, நோயாளியைப் பார்க்கிற வேலை கற்கப் போகிறவனுக்குக் காலணா கிடையாது. அவன் வட்டிக்காரனிடம் போகவேண்டும். தொழில் செய்கிற கையை இந்த அரசு எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தோழர்களே, நம்மையும் கேட்டுக்கொள்வோம். மேடைபோட்டுப் பேசினோம், சரி. பாஸ்போர்ட் எடுக்கப் போன பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து என்ன சொன்னோம்? உதவித்தொகையைத் தொழிற்பயிற்சிக்கும் கொடு என்று கேட்போம். பணம் வாங்குமுன் ஒப்பந்தத்தையும் விசாச் சட்டத்தையும் தமிழில் எழுதிக் கொடு என்று ஏஜெண்டின் சட்டையைப் பிடிப்போம். அதுவரைக்கும் ஒவ்வொரு சேரிப் படிப்பகத்திலும் இந்த மூன்றையும் சுவரில் எழுதிவையுங்கள்: நாலு மாதம், இரண்டு வாரம், ஆறு மாதம்.

என் கடன் இன்னும் அடையவில்லை. அடுத்த பையன் கிளம்பிக்கொண்டிருக்கிறான்.