பத்துத் தோல்விகளைப் பொறுத்தவர்கள்

 

சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் 2025ஆம் ஆண்டுப் பயணம் மே 25 அன்று அகமதாபாத்தில் நிறைவுற்றது. அன்றைய ஆட்டத்தில் குஜராத் அணியை 83 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றபோதிலும், 14 ஆட்டங்களில் 4 வெற்றி, 10 தோல்வி, 8 புள்ளிகள் என்ற கணக்கோடு பத்து அணிகளுள் பத்தாவதாகவே அது நின்றது. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கோப்பையை வென்ற அணி, பட்டியலின் கடைசி இடத்தில் நின்றது இதுவே முதன்முறை.

மார்க்கம் பேசும் இடத்தில் கிரிக்கெட் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ரமளானின் கடைசிப் பத்து இரவுகளில் தொடங்கிய இந்தப் போட்டிகளால் தராவீஹ் தொழுகையின் வரிசைகள் குறைந்தது பற்றி ஆலிம்கள் பலர் எச்சரித்துவிட்டனர். அந்த எச்சரிக்கை நியாயமானது. அதை மீண்டும் சொல்ல இங்கே முற்படவில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் வீடுகளில் இரண்டு மாத காலம் இரவுப் பேச்சு முழுவதும் இந்த அணியைப் பற்றியதாகவே இருந்தது. அப்பேச்சில் வெளிப்பட்ட நம்முடைய ஒரு குணத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

நடந்தவற்றை முதலில் நினைவுகூர்வோம். மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் மும்பை அணியை வென்று சென்னை தொடங்கியது. அதன்பின் அந்த மைதானத்தில் ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி. மார்ச் 28 அன்று பெங்களூரு அணி 50 ஓட்டங்களில் வென்றது. 2008க்குப் பிறகு அங்கே சென்னையை அது வீழ்த்தியது அன்றுதான். ஏப்ரல் 5 அன்று டெல்லி அணி, 2010க்குப் பிறகு அதே மண்ணில் வெற்றி கண்டது. ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர்களும் ஆடி 103 ஓட்டங்களே எடுக்க முடிந்தது. ஏப்ரல் 25 அன்று ஹைதராபாத் அணி சேப்பாக்கத்தில் சென்னைக்கு எதிராகத் தன் முதல் வெற்றியைப் பெற்றது. ஏப்ரல் 30 அன்று பஞ்சாபிடம் தோற்றதோடு அடுத்த சுற்றுக்கான வாய்ப்பும் போயிற்று. அணித்தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் இடையிலேயே விலகினார். 43 வயதில் தோனி மீண்டும் தலைமை ஏற்றும் நிலைமை மாறவில்லை.

இத்தோல்விகளை மக்கள் இருவிதமாக எதிர்கொண்டனர். ஒரு சாரார் நாவை அவிழ்த்துவிட்டனர். ஓட்டம் எடுக்காத ஆட்டக்காரரின் வயதை, உடலை, குடும்பத்தை எல்லாம் கைப்பேசியில் இழிவுபடுத்தினர். அவர்களுள் நம் இளைஞர்களும் இருந்தனர் என்பது வருத்தத்திற்குரியது. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் இந்திய அணி பாகிஸ்தானிடம் தோற்றபோது, முகமது ஷமியின் மீது மட்டும் மதத்தின் பெயரால் பொழியப்பட்ட வசைகளை நாம் மறந்துவிட முடியுமா? அன்று புண்பட்ட சமுதாயம், தோற்றவனை ஏசும் கூட்டத்தில் தன் பிள்ளை ஒருவனும் நிற்பதை எப்படி ஏற்கும்? ஆட்டத்தைக் குறைகூறலாம், ஆடியவனின் மானத்தைத் தொட நமக்கு உரிமையில்லை.

மற்றொரு சாராரே பெரும்பான்மையினர். அவர்கள் பொறுத்தார்கள். ஐந்து தோல்விகளுக்குப் பிறகும் விழுப்புரம் சந்திப்பில் மஞ்சள் சட்டையோடு சென்னைக்கு ரயிலேறியவர்கள் உண்டு. "எத்தனை ஆண்டுகள் நமக்கு மகிழ்ச்சி தந்த அணி! ஓர் ஆண்டு சறுக்கினால் என்ன? அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்று தேநீர்க் கடைகளில் பெரியவர்கள் பேசியதைப் பலமுறை கேட்டேன். இது நல்ல குணம். உயர்ந்தது ஒருநாள் தாழும் என்பதை ஏற்றுக்கொள்ளும் பக்குவம் இது.

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று புகாரீ நூலில் இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது தாங்கவில்லை. அவர்களது முகவாட்டத்தைக் கண்ட நபியவர்கள், இவ்வுலகில் உயர்ந்துவிடும் எதையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தை உணர்த்தினார்கள். வென்ற கிராமவாசி மீது கோபமில்லை. தோற்ற ஒட்டகத்தின் மீது பழியில்லை. ஒரு தோல்வி அவ்வளவு எளிதாக அங்கே கையாளப்பட்டது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அணி கடைசி இடத்தில் தள்ளாடிய அதே மே மாதத்தில்தான் பொதுத்தேர்வு முடிவுகளும் வந்தன. பிளஸ் டூ முடிவு மே 8; பத்தாம் வகுப்பு முடிவு மே 16. ஒரு பாடத்தில் 35 மதிப்பெண்ணை எட்டாத பிள்ளைக்கு, பத்து ஆட்டங்களில் தோற்ற அணிக்குக் கிடைத்த பொறுமையில் பாதியாவது கிடைத்ததா? "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்ற அந்தச் சொல்லை எத்தனை தந்தையர் தம் மகனிடம் சொன்னார்கள்? முடிவு வந்த வாரத்தில் மக்தபுக்கு ஓதவராமல் வீட்டுக்குள் ஒடுங்கிக்கொண்ட பிள்ளைகளை அறிவேன். உறவினர் முன்னிலையில் ஒப்பிட்டுப் பேசப்பட்டதே அவர்களை மதிப்பெண்ணைவிட அதிகம் வருத்தியது.

பெண்பிள்ளைகளின் நிலை இதனினும் கடினமானது. மகன் தவறினால் திட்டு கிடைக்கும், பிறகு துணைத்தேர்வுக்குப் பணம் கட்டப்படும். மகள் தவறினால் பல வீடுகளில் அத்தோடு படிப்பு முடிகிறது. வரன் தேடும் பேச்சு தொடங்குகிறது. முகமறியாத பதினொருவருக்கு ஆண்டுதோறும் மறுவாய்ப்பு வழங்கும் நாம், நம் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு ஒரே ஒரு மறுவாய்ப்பை மறுக்கிறோம். இது அநீதி. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களைப் பற்றி மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம்.

"விளையாட்டும் வாழ்க்கையும் ஒன்றா? இளக்காரம் கொடுத்தால் பிள்ளை சோம்பேறியாகிவிடுவான்" என்று பெற்றோர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பொறுமை என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. அந்த அணியையே பாருங்கள். தோற்ற பிறகு அது காரணத்தைத் தேடியது. கெய்க்வாட்டின் இடத்துக்கு 17 வயது ஆயுஷ் மாத்ரேயை அழைத்துவந்தது. பருவத்தின் நடுவிலேயே டெவால்ட் பிரெவிஸ், உர்வில் பட்டேல் முதலிய இளையோரைச் சேர்த்தது. பெங்களூருவில் மாத்ரே 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் எடுத்தார். அன்றும் அணி 2 ஓட்டங்களில் தோற்றது. எனினும் அவரை யாரும் தோற்றவராகக் கருதவில்லை. ஆப்கானிஸ்தானின் நூர் அகமது, கடைசி இடத்தில் நின்ற அந்த அணியில் இருந்துகொண்டே 24 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்தப் பருவத்தில் அவரைவிட அதிகம் எடுத்தவர் ஒருவரே. மொத்தக் கணக்கில் தோல்வி என்று எழுதப்பட்ட இடத்திலும் நல்ல உழைப்பு இருக்கும். தேடிப் பார்ப்பவர் கண்ணுக்கே அது தெரியும்.

பிள்ளையிடமும் இதைத்தான் செய்ய வேண்டும். எந்தப் பாடத்தில் தவறினான், ஏன் தவறினான் என்று உட்கார்ந்து கேளுங்கள். கணிதம் புரியவில்லையா, பார்வைக் குறைவால் கரும்பலகை தெரியவில்லையா, இரவில் கைப்பேசி தூக்கத்தைத் தின்றதா என்பது கேட்டால்தான் தெரியும். துணைத்தேர்வுக்கு அவனோடு சேர்ந்து ஆயத்தமாகுங்கள். மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனத்தில் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் நமக்கு அருகிலேயே உள்ளன. மகள் காலையில் சென்று மாலையில் வீடு திரும்பலாம்.

ஓதிக்கொடுக்கும் எங்களுக்கும் இதில் பாடம் உண்டு. குர்ஆனைச் சரளமாக ஓத இயலாமல் திக்கித் திணறி, சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்பது நபிமொழி. திணறும் நாவைப் பார்த்து முகம் சுளிக்கும் உஸ்தாத், அல்லாஹ் இரட்டிப்பாகத் தரும் இடத்தில் தாம் கஞ்சத்தனம் காட்டுகிறார்.

அணியின் தோல்வியால் நம் வாழ்வில் எதுவும் குறைந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு அது வென்றாலும் நமக்குக் கூடப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அந்த அணியின் பொருட்டு நம்மிடம் இவ்வளவு பொறுமை இருப்பது தெரிந்துவிட்டது. "எனக்கு முன்கோபம், என்னால் முடியாது" என்று இனி எந்தத் தந்தையும் சொல்ல முடியாது. துணைத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவு அருகில் அமர்ந்து, அணிக்காகச் சொன்ன அதே சொல்லை அந்தப் பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

நம் நாவுகளில் கனிவையும், உள்ளங்களில் பொறுமையையும், நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.