சினிமாவிற்கும் ஒரு யாப்பு வேண்டும்

கலைஞனுக்குக் கட்டளை ஆகாது, கட்டுண்ட கலை வளராது என்று நம் மாணவருட் பலர் வாதிக்கின்றனர். சினிமாவைப் பற்றிய பேச்செழும்போது இவ்வாதம் பின்னும் ஓங்குகின்றது. பெரும் பொருளும் பெருநகர நிலையங்களும் இன்றிப் படமெடுத்தல் இயலாதென்பதும் இவர் துணிபு. இவ்விரண்டும் ஆராயத்தக்கன.

1995-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு இயக்குநர்களான லார்ஸ் வான் டிரையர், தாமஸ் விண்டர்பெர்க் என்னும் இருவர் "டாக்மா 95" என்னுமோர் இயக்கத்தைத் தோற்றுவித்தனர். அதன் பத்து விதிகட்கும் அவர் இட்ட பெயர் கற்பு வார்த்தைப்பாடு. துறவியர் இறைவன் திருமுன் கொடுக்கும் வாக்கின் பெயரே அது. கதை நிகழுமிடத்திலேயே படமெடுத்தல் வேண்டும். வெளியினின்று பொருள்களைக் கொணர்ந்து வைத்தலாகாது. காட்சியினின்று பிரித்துத் தனியே ஒலி சேர்த்தலாகாது. படக்கருவியைக் கையிலேந்தியே எடுத்தல் வேண்டும். தனி விளக்கமைப்புக் கூடாது. இயக்குநர் பெயரும் இடம்பெறலாகாது. இவை அவற்றுட் சில. இவ்விதிகட்குட்பட்டு விண்டர்பெர்க் எடுத்த "ஃபெஸ்டன்" 1998-இல் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. ஒரு காட்சிக்காகச் சாளரத்தைத் துணியால் மறைத்ததும் விதிமீறலே என்று அவர் பின்னர் வெளிப்படையாய் அறிக்கையிட்டார். ஒரு துணிக்கும் கணக்கு ஒப்புவிக்கும் இந்நேர்மை வியத்தற்குரியதன்றோ?

விதி கலையைக் கொல்லும் என்பார்க்குத் தமிழ் கற்போர் கூறும் விடை எளிது. வெண்பாவினுங் கடுங்கட்டுடைய பா நம்மிடத்து யாதுளது? பிறதளை விரவலாகாது, ஈற்றடி முச்சீரான் முடிதல் வேண்டும், ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாதல் வேண்டும். அக்கட்டினுள்ளேயன்றோ திருக்குறள் பிறந்தது? வேண்டாத சொல்லை விலக்குமாறு யாப்பு புலவனை நெருக்குகின்றது. அந்நெருக்கத்திலே வேண்டிய சொல் அகப்படுகின்றது.

நிற்க, இஃது நம் கொங்குநாட்டிற்கு எவ்வாற்றாற் பொருந்தும்? கோவை சினிமாவிற்குப் புதிய ஊரன்று. 1905-இல் படங்காட்டுங் கருவியொன்றை விலைக்கு வாங்கி, ஊரூராய்க் கூடாரமடித்துக் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் இவ்வூரினர். அவர் கட்டிய வெரைட்டி ஹால் என்னுங் கொட்டகையின் பெயரை ஒரு சாலை இன்றும் தாங்கி நிற்கின்றது. சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் இங்கு விளங்கின. 1954-இல் வெளிவந்த "மலைக்கள்ளன்" பட்சிராஜாவின் படைப்பே. அந்நிலையங்கள் மறைந்தன, நிலத்தின் அழகு எஞ்சியது. அதனையும் பிறவூர்க் கதைகட்குத் திரைச்சீலையாக்கினர். 1992-இல் வந்த "தேவர் மகன்" தென்பாண்டிச் சீமைக் கதை. எடுக்கப்பெற்றதோ பொள்ளாச்சிப் பக்கத்தில். படம் சிறந்ததே. ஆயினும் நம் தோப்பும் வாய்க்காலும் வேற்றூர் வேடம் பூண்டு நிற்க, அங்கு உழைப்பாருடைய பேச்சு திரைக்கு வெளியே நின்றுவிட்டது. சோமனூர் விசைத்தறிக்கூடத்தில் மெல்லப் பேசுதல் இயலாது. தறியோசையை மேவி உரக்கவே பேசுவர். ஓசையை நீக்கிப் பேச்சை மட்டும் பின்னர்ச் சேர்ப்பின், அவ்வுரப்பின் காரணம் எவர்க்கு விளங்கும்? டாக்மாவின் இடவிதியும் ஒலிவிதியும் நமக்கு எத்துணை இன்றியமையாதன என்பது இதனாற் போதரும்.

இஃது இயலுமோ என்பார் ஐயமும் வேண்டா. செழியனின் "டு லெட்" பாட்டும் பின்னணியிசையுமின்றி எடுக்கப்பெற்று, 2017-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படத்திற்குரிய தேசிய விருது பெற்றது. வெயிலில் நடக்கும் தந்தையும் மகனுமே கதையாகப் பி. எஸ். வினோத்ராஜ் எடுத்த "கூழாங்கல்" 2021-இல் ராட்டர்டாம் விழாவின் புலி விருதைக் கொணர்ந்தது. இவர்கள் டாக்மா நோன்பு ஏற்றவரல்லர். எனினும் அடக்கத்தின் ஆற்றலைக் காட்டினர்.

ஒன்று மறத்தலாகாது. கருவியை ஆட்டுதலானே மெய்ம்மை வந்துவிடாது. நோன்பு வழக்கமானவிடத்து அதுவும் ஒரு பகட்டே. டாக்மாவும் 2005-ஆம் ஆண்டளவில் ஓய்ந்தது. 2025-இல் இயக்குநர் ஐவர் அதனைப் புதுப்பித்தபோது பழைய விதிகளை அப்படியே கொள்ளாது, கதையைக் கையாலெழுதுக என்பது முதலாய புதியன வகுத்தனர். நாமும் நம் விதிகளை நாமே வகுத்தல் வேண்டும். படமெடுக்கவல்ல கைப்பேசி இன்று மாணவர் பலர் கையிலுளது. கதை நிகழும் ஊரிலே, அவ்வூர்ப் பேச்சிலே, அங்குள்ள வெளிச்சத்திலே ஒரு சிறு படமேனும் எடுத்து அடுத்த கல்லூரி நாளிற் காட்ட நம் மாணவர் முன்வருவாராக.