தாள் இருந்தால் போதுமா?

ஈராண்டுகளுக்கு முன் நம் விடுதி நண்பர் ஒருவர் நகரத்துக் கடையொன்றில் பச்சை இகுவானா ஒன்றை வாங்கி வந்தார். ஒரு சாண் நீளம், தளிரிலையின் நிறம். அதைக் காண வராத மாணவர் இல்லை. “சட்டப்படி வளர்க்கலாமா?” என்று கேட்டோம். “தாள் இருக்கிறது என்று கடைக்காரர் கொடுத்தாரே!” என்றார் நண்பர். வாங்கிப் பார்த்தோம். அது வேறு யாரோ ஒருவர் பெயரில் இருந்த விண்ணப்பத்தின் நகல்! ஜனவரிக் குளிரில் ஓரிரவு மின்சாரம் நின்றது. சூடு தரும் விளக்கும் அணைந்தது. அதன்பின் அது இரை தொடவில்லை. பத்தாம் நாள் இறந்தது.

இதனை ஒருவருடைய கவனக்குறைவு என்று தள்ளிவிடலாகாது. நம் நாட்டு விலங்குகளுக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவலாக நிற்கிறது. நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். ஆனால் அயல்நாட்டு ஊர்வனவற்றைப் பற்றி அச்சட்டம் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. சுங்கத்தைக் கடக்கும் வரையில்தான் தடை, கடந்துவிட்டால் கேட்பாரில்லை.

2020 ஜூனில் மத்திய அரசு ஓர் அறிவுரை வெளியிட்டது. ஆறு மாதத்திற்குள் தாமாக முன்வந்து அறிவிப்போர், அவ்வுயிர் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று காட்ட வேண்டியதில்லை என்றது. 2022இல் சட்டமே திருத்தப்பட்டது. அரிய உயிர்களின் பன்னாட்டு வாணிகத்தைக் கட்டுப்படுத்த 1973இல் உருவான ‘சைட்டீஸ்’ உடன்பாட்டின் பட்டியல் சட்டத்தில் இடம்பெற்றது. இகுவானாவும் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பும் அதில் அடக்கம். 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் விதிகள் பிறந்தன. அப்போது வைத்திருந்தோர் ஆறு மாதத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. கைமாறினாலும் குட்டி பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

இம்மாற்றங்களை நான் வரவேற்கிறேன். எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ‘இவ்வுயிர் இன்னாரிடம் உள்ளது’ என்பதே பதிவு கூறும் செய்தி. அது எந்தக் காட்டில் பிடிபட்டது, யார் பெட்டியில் வந்தது என்ற கேள்வியை 2020ஆம் ஆண்டின் சலுகை கேட்காமலே விட்டது. கேள்வி கேட்காத கணக்கில் கடத்தற்பொருளும் நல்ல பொருளும் ஒன்றாகிவிடும் அன்றோ? திருத்தம் நடைமுறைக்கு வந்த அதே ஏப்ரலில், கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்திறங்கிய பயணி ஒருவரின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. வாங்குவார் இல்லாமலா அவை வந்தன?

“நாய் வளர்க்கலாம், இகுவானா வளர்க்கலாகாதா? முற்றிலும் தடுத்தால் மறைமுக வாணிகம் பெருகாதா?” என்று சில நண்பர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. முற்றிலும் தடுக்க வேண்டும் என்பதன்று என் வாதம். கூண்டிலேயே பிறந்த உயிர் என்றால், அதன் தாய் தந்தையரின் பதிவைக் காட்டட்டும். தம் பெயரில் உள்ள தாளைக் கொடுத்து விற்கட்டும். நேர்மையான வணிகர்க்கு இதனால் நட்டமில்லை.

வாங்குவோரும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து பழகியது. இகுவானா அவ்வாறு பழகியதன்று. வளர்ந்தால் தலை முதல் வால் நுனி வரை ஐந்தடிக்கு மேல் போகும். பத்தாண்டுக்கு மேல் வாழும். நாளும் வெப்பமும் புற ஊதாக் கதிரும் வேண்டும். நம் பட்டப்படிப்போ மூன்றாண்டு! படிப்பு முடிந்ததும் அதை எங்கே விடுவது? அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்த்தவர்களிடமிருந்து தப்பியும் விடப்பட்டும் பெருகிய இகுவானாக்கள் இன்று தோட்டங்களையும் கால்வாய்க் கரைகளையும் கெடுக்கின்றன.

தமிழகத்தின் வெயிலில் வளர்ந்த நமக்கே இவ்வடபுலத்துக் குளிர் கடுமையாக இருக்கிறது. ஆயினும் நாம் விரும்பி வந்தோம். விடுமுறையில் ஊர் திரும்ப நமக்கு ரயில் உண்டு. அந்த உயிருக்கு இரண்டும் இல்லை.

ஆகவே தோழர்களே, விடுதி அறையில் வளர்ப்பதற்கென்று இவற்றை வாங்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருப்போர் குளத்திலோ தோப்பிலோ விட்டுவிடாமல் வனத்துறையிடம் தெரிவியுங்கள். வரும் ஜனவரியில் இன்னொரு விளக்கு அணைந்து இன்னோர் உயிர் நம் விடுதியில் மடியலாகாது.