காரின் பின்னே ஒரு சிறு வீடு

புனேயில் உள்ள எங்கள் கிளைக்குக் கடன் கேட்டு வருவோரில் பெரும்பாலோர் வீடு, கார், பிள்ளைகளின் படிப்பு ஆகிய மூன்றில் ஒன்றைச் சொல்வர். சென்ற ஆண்டு வந்த ஒரு தம்பதியர் இம்மூன்றிலும் அடங்காத ஒன்றைக் கேட்டனர். காரின் பின்னால் கொக்கியிட்டு இழுத்துச் செல்லும் ஒரு சிறிய பயண டிரெய்லர். கணவர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஓய்வு பெற்றவர். மின்கம்பியும் குழாயும் எட்டாத ஏரிக்கரையில் நான்கு நாள் தங்கிவர வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை.

ஐந்து இலட்சம் ரூபாய் தனிநபர் கடன் வேண்டும் என்றார். வாகனக் கடனாகத் தர இயலாதா என்று கேட்டார். வாகனக் கடன் என்றால் வண்டியின் பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் ஏற வேண்டும். அவர் பார்த்து வைத்திருந்ததோ ஒரு பட்டறையில் தயாராகும் வண்டி. பதிவு குறித்து விற்பவரிடம் தெளிவான விடை இல்லை. டிரெய்லர் என்பது சட்டத்தின் கண்ணில் காரின் வால் அன்று, தனி வண்டி. பதிவும் காப்பீடும் இல்லாமல் அதைப் பொதுச்சாலையில் இழுத்துச் செல்வது, விபத்து நேரும் நாளில் ஓய்வூதியத்தையே கரைத்துவிடக்கூடும். இதைச் சொன்னபோது அவர் முகம் சற்று வாடியது.

பிறகு எங்கள் வழக்கப்படி கணக்குப் போட்டோம். 12 விழுக்காடு வட்டி, ஐந்தாண்டு எனக் கொண்டால் மாதத் தவணை 11,122 ரூபாய். ஆண்டுக்கு 1,33,464. மாதம் இரண்டு இரவு வீதம் ஆண்டில் 24 இரவுகள் அதில் உறங்கினால், ஓர் இரவுக்கு 5,561 ரூபாய். எரிபொருளும் சுங்கக் கட்டணமும் தனி. அந்தத் தொகைக்கு நல்ல விடுதியிலேயே அறை கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, கடமையைச் செய்துவிட்ட நிறைவோடு நாற்காலியில் சாய்ந்தோம்.

அதுவரை பேசாதிருந்த அம்மையார் அப்போதுதான் வாய் திறந்தார். "உங்க கணக்கு சரிதான் சார். ஆனா ஊருக்குக் கிளம்புற அன்னைக்குக் காலையிலிருந்தே நான் தண்ணி குடிக்கிறதை நிறுத்திடுவேன். வழியில இருக்கிற கக்கூஸ்ல இந்த முட்டியை வச்சுக்கிட்டு என்னால உட்கார முடியாது. அதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

எங்களிடம் அதற்குக் கட்டம் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்களும் இவ்வாறே பயணம் செய்கின்றனர் என்பது அந்நேரத்தில்தான் உறைத்தது. கணவருக்கு ஏரிக்கரை, அவருக்கோ தனக்கென ஒரு கழிவறை. ஒரே விண்ணப்பத்தில் இரண்டு கோரிக்கைகள் இருந்தன. நாங்கள் ஒன்றை மட்டுமே படித்திருந்தோம்.

இவ்வாசை வீண் ஆசை அன்று என்பதே இப்போது எங்கள் கருத்து. ஆனால் வண்டி சிறியதாக இருக்க வேண்டும், மெய்யாகவே சிறியதாக. விற்பனையாளர் காட்டும் படத்தில் நிமிர்ந்து நிற்கும் உயரம், பெரிய ஃபிரிட்ஜ், ஏ.சி. எல்லாம் இருக்கும். இழுக்கப் போவதோ வீட்டிலுள்ள பெட்ரோல் கார். அந்தக் காரின் கையேட்டில் இழுவைக்கு இடமளித்திருக்கிறார்களா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின், கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ: இருவருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர் என்றால் 60 கிலோ. அந்தச் சுமையைப் பின்கோடியில் வைத்தால் வண்டி வேகத்தில் பாம்புபோல நெளியும். சுமையின் பெரும்பகுதி அச்சின் மேலும் சற்று முன்னும் அமைந்து, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அழுந்த வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றும் விதி. காரின் கொக்கி அதைத் தாங்குமா என்பதும் அதே கையேட்டில் பார்க்க வேண்டியது. 1930களிலேயே அங்கு கண்ணீர்த்துளி வடிவில் ஒரு சிறு டிரெய்லர் பரவியது. உள்ளே படுக்கை மட்டும். பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதைவிடச் சிக்கனமான அமைப்பு வந்துவிட்டதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

மின்சாரத்தைச் சேமிப்புக் கணக்குபோல எண்ணினால் எளிதில் விளங்கும். சோலார் பலகை வரவு, பேட்டரி இருப்பு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கும். ஆனால் ஈய-அமில வகையில் பாதிக்குக் கீழே எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 600 வாட்-மணியைக் குறைந்தபட்ச இருப்பாக விட்டுவிட வேண்டும். 200 வாட் பலகை நல்ல வெயில் நாளில் கைக்கு 700 அளவில் தரும். சிறிய ஃபிரிட்ஜ் 500, இரவெல்லாம் ஓடும் மின்விசிறி 200, விளக்கும் கைபேசியும் 100. செலவு வரவை மிஞ்சிவிட்டதைக் காண்க. சஹ்யாத்திரி மலையில் மழை பிடித்துக்கொண்டால் வரவே நின்றுவிடும். லித்தியம் பேட்டரியில் பெரும்பகுதியை எடுக்கலாம். ஆனால் ஸ்பிதி போன்ற இடங்களில் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. ஏ.சி. இந்தக் கணக்குக்குள் வராது.

வராததை வரவழைக்கத்தான் சிலர் ஜெனரேட்டரை நாடுகின்றனர். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடே காரணம் எனக் கண்டறிந்தனர். அதற்கு நிறமில்லை, மணமில்லை, உறங்குபவரை எழுப்பாது. மூடிய வண்டிக்குள் அடுப்பும் கூடாது, கரிச்சட்டியும் கூடாது. இதை அந்தப் பெரியவரிடம் இருமுறை சொன்னோம்.

எங்கள் யோசனை இரண்டு. முதலில் வாடகைக் கேரவனில் இரண்டு இரவு தங்கிப் பாருங்கள் என்றோம். பண்டாரதரா ஏரிப் பக்கம் போய்வந்தார்கள். ஃபிரிட்ஜைத் திறக்கவே இல்லை, தொலைக்காட்சி நினைவுக்கே வரவில்லை, கழிவறை மட்டும் வேண்டும் என்ற முடிவோடு திரும்பினார்கள். அடுத்தது பணம். தனிநபர் கடனும் வேண்டாம், நிலை வைப்பை முறிக்கவும் வேண்டாம்; வைப்பின் பேரிலேயே கடன் பெறலாம். அதற்கான வட்டி பொதுவாக வைப்புக்கு நாங்கள் தருவதைவிட ஓரிரு விழுக்காடே கூடுதலாக இருக்கும். தனிநபர் கடன் தந்திருந்தால் கிளைக்கு வருவாய் கூடியிருக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இப்போது அவர்களிடம் இருப்பது பதிவெண் பெற்ற, படுக்கை மட்டுமே கொண்ட ஒரு சிறு டிரெய்லர். பக்கத்தில் விரிக்க ஒரு கூடாரம், அதனுள் எடுத்துச் செல்லத்தக்க கழிவறை. முதல் ஆண்டில் 31 இரவுகள் தங்கியதாகக் கணவர் பழைய பாஸ்புக் உறைக்குள் வைத்திருக்கும் தாளைக் காட்டினார். காட்டுப் பகுதியில் அனுமதியின்றி இரவு தங்க முடியாது என்பதால் ஏரிக்கரை விவசாயிகளிடம் கேட்டு, சிறு தொகை கொடுத்து நிறுத்துகிறார்கள்.

குறை ஒன்று உண்டு. 2021இல் மகாராஷ்டிரமும் கேரளமும் கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கைகளை வெளியிட்டன. கேரவன் பூங்காக்கள் பற்றியும் அவற்றில் பேசப்படுகிறது. நடைமுறையில் பேச்செல்லாம் பெரிய வாடகை வண்டிகளைச் சுற்றியே இருக்கிறது. சொந்தமாகச் சிறு டிரெய்லர் வைத்திருப்பவருக்கு வழியில் வேண்டியது ஒரு தண்ணீர்க் குழாயும் கழிவைக் கொட்ட ஒரு தொட்டியும்தான். அவை கிடைக்காததால் அம்மையார் அந்தக் கழிவுக் கொள்கலனை இறுக மூடி, ஒவ்வொரு முறையும் புனே வரை கொண்டுவந்து தம் வீட்டுக் கழிவறையில்தான் கொட்டுகிறார்.